பள்ளத்தில் கேட்ட குரல்

கட்டுகஸ்தோட்டை
03.03.2024

அன்புள்ள வசந்தமலர் அவர்களுக்கு,

ஆண்டவர் தயவில் நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன்.

என்னை ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். பெப்ரவரி பதினோராம் திகதி பள்ளத்திலிருந்து நீங்கள் முதுகில் சுமந்து வந்த எழுபத்துநான்கு கிலோ நான்தான். பெயர் டொரதி. கண்டியில் ஒரு பாடசாலைக் கந்தோரில் கிளார்க். வயது நாற்பத்தேழு. கல்யாணம் இல்லை. கால் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹந்தானை மலையில் நடக்கும் ஒரு கூட்டத்தில் நானும் என் சிநேகிதி மடவளை கைரியா டீச்சரும் சேர்ந்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தோடுதான் அன்று உங்கள் பக்கத்து மலைக்கு வந்தேன்.

விழுந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று அந்தக் காட்டில் இருக்கிறது. அது மரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. போட்டோ எடுக்கப் பாதையை விட்டு இறங்கினேன். பாசியில் கால் வழுக்கியது. அவ்வளவுதான். கூட்டத்தில் முன்னால் போனவர்கள் நான் பின்னால் வருகிறேன் என்றும், பின்னால் வந்தவர்கள் நான் முன்னால் போய்விட்டேன் என்றும் நினைத்திருக்கிறார்கள்.

டிஸ்பென்சரி வாசலில் என்னை இறக்கிவைத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். கைரியா நாலு தரம் போன் எடுத்து அங்கே மருந்து கொடுப்பவரிடம் உங்கள் பெயரை வாங்கினாள். உங்களிடம் போன் இல்லை என்றாராம். அதனால்தான் இந்தக் கடிதம். கணுக்காலில் இரண்டு இடத்தில் உடைவு. ஆனால் உயிர் இருக்கிறது, அது உங்களால்.

நன்றி. இந்தச் சொல் போதாது. வேறு சொல் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்களுக்குக் கடமைப்பட்ட
டொரதி


ஸ்ட்ராத்வெல் தோட்டம், மேற்பிரிவு
மஸ்கெலியா
24.03.2024

மதிப்புக்குரிய டொரதி மிஸ் அவர்களுக்கு,

இறைவன் கிருபையால் இங்கு சுகம். உங்கள் கால் நாளுக்கு நாள் தேறி வரவேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. விறகு பொறுக்க வந்த இடத்தில் உங்களைக் கண்டேன். யாராக இருந்தாலும் தூக்கியிருப்பார்கள். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமக்கிற முதுகுக்கு அது பெரிய காரியமில்லை. தயவுசெய்து நன்றி சொல்லவேண்டாம்.

இனிமேல் எழுதினால் எங்கள் பாடசாலை ஆசிரியர் சந்திரகுமார் சேர் பெயருக்கு அனுப்புங்கள். தோட்டத்துக் கந்தோருக்கு வரும் கடிதம் பல கை மாறித்தான் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வரும்.

ஒன்று கேட்கவேண்டும் என்று இருந்தேன். அன்றைக்கு எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்?

இப்படிக்கு,
யோ. வசந்தமலர்


கட்டுகஸ்தோட்டை
02.04.2024

அன்புள்ள வசந்தமலர் அவர்களுக்கு,

உயிர்த்த ஞாயிறு நல்லபடி கழிந்தது. கட்டுப்போட்ட காலோடு கோயிலில் முன்வரிசைக் கதிரை கிடைத்தது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

காலை பத்து மணிக்கு விழுந்தேன். நீங்கள் வந்தபோது நாலு மணி இருக்கும். ஆறு மணித்தியாலம் கூப்பிட்டேன். முதலில் கைரியாவை, பிறகு எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லோரையும், கடைசியில் யாரை என்று இல்லாமல் பொதுவாக. தொண்டை கட்டிப்போனபோது ஞானப்பாட்டுப் பாடினேன். என் பாட்டைக் கேட்டுக் காட்டில் ஒரு தவளைகூட வாய் திறக்கவில்லை.

நன்றி சொல்லவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றில் மட்டும் நான் சொல்வழி கேட்கமாட்டேன். இத்துடன் ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன். பச்சை உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. பிள்ளைகள் எத்தனை என்று தெரியாததால் கலர் பென்சில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். கொம்பு ஓணானின் போட்டோவும் உள்ளே இருக்கிறது. விழுந்தாலும் படம் நன்றாக வந்திருக்கிறது, பாருங்கள்.

அன்புடன்,
டொரதி


ஸ்ட்ராத்வெல் தோட்டம்
19.05.2024

மதிப்புக்குரிய டொரதி மிஸ் அவர்களுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையே வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவேண்டும்.

சேலை கிடைத்தது. நல்ல சேலை. ஓணானின் படத்தைச் சேர் வகுப்பில் ஒட்டியிருக்கிறார். கலர் பென்சில் இரண்டு பெட்டியையும் பாடசாலைக்கே கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். அவர் பெயர் யோகராஜ், தேயிலை பெக்டரியில் வேலை.

இங்கு மழை பிடித்துவிட்டது. மலை தெரிவதில்லை. நான் இப்போது காட்டுப்பக்கம் போவதில்லை.

இப்படிக்கு,
யோ. வசந்தமலர்


கட்டுகஸ்தோட்டை
26.05.2024

அன்புள்ள வசந்தமலர்,

சுகமா என்று சும்மா கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன். உங்கள் மனம் நொந்திருந்தால் மன்னியுங்கள்.

கட்டு வெட்டி இரண்டு கிழமையாகிறது. வீட்டில் சும்மா இருந்ததில் அந்த நாளைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். நீங்கள் பள்ளத்தில் இறங்கி வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்தானையைக் கிழித்து, இரண்டு குச்சி வைத்து என் காலைக் கட்டினீர்கள். அந்தக் குச்சியைக் கையால்தான் ஒடித்தீர்கள். கத்தி இல்லை. விறகு கட்டக் கயிறும் இல்லை. காலில் செருப்பும் இல்லை. வழிநெடுக "பேசிக்கிட்டே வாங்க மிஸ், பேச்ச மட்டும் நிறுத்திடாதீங்க" என்றீர்கள். எனக்கு மயக்கம் வந்துவிடும் என்று சொல்கிறீர்களாக்கும் என்று அன்று நினைத்தேன்.

வசந்தமலர், நீங்கள் விறகுக்கு வந்தீர்களா?

தவறாகக் கேட்டிருந்தால் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் "வா" என்று ஒரு சொல் எழுதுங்கள்.

உங்கள்
டொரதி


கட்டுகஸ்தோட்டை
30.06.2024

அன்புள்ள வசந்தமலர்,

ஒரு மாதம் கடந்துவிட்டது. நேற்று முன்தினம் பொறுக்கமுடியாமல், உங்கள் கடித உறையில் அச்சடித்திருந்த பாடசாலை நம்பருக்குப் போன் எடுத்தேன். சந்திரகுமார் சேர், "வேலைக்குப் போறாங்க மிஸ், நேத்துகூட மலைக்கு ஏறிப் போறதப் பாத்தேன்" என்றார். தேயிலை மலையைத்தான் அவர் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஒரு நிமிஷம் நான் நானாக இல்லை.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுதிக்கொண்டிருப்பேன். கைரியா தொழுகையில் உங்களுக்காகக் கேட்கிறாள். நானும் என் பங்குக்குக் கேட்கிறேன்.

உங்கள்
டொரதி


ஸ்ட்ராத்வெல் தோட்டம்
14.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படி அழைக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டு கடிதமும் அரிசிப் பானைக்குள் இருக்கின்றன. அடுப்பில் போடவில்லை.

நான் விறகுக்கு வரவில்லை.

எனக்கு ஒரு மகன் இருந்தான். கவிஷன். நாலு வயசு. நான் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது, போன வருஷம் ஆகஸ்ட் மாதம், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டான். செய்தி போனில் வந்தது. அதற்குப் பிறகு போனைத் தொட எனக்கு மனமில்லை. அந்த வீட்டில் உடனே அனுப்பவில்லை. நவம்பரில்தான் வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தது மண்ணைத்தான்.

தண்ணீர்ப் பீலியடியில் பெண்கள் பேசுவது காதில் விழும். "புள்ளையப் போட்டுட்டுப் போனவ." அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் அவர் ஒன்றுமே பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார். வேலைக்குப் போவார், வருவார். பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. என்னை ஏசினாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் பாதிப்பேர் டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் காட்டுப்பக்கம் நடந்தேன். திரும்பி வரும் எண்ணம் இல்லை. பள்ளத்துக்கு மேலே நின்றபோதுதான் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "யாராவது இருக்கீங்களா?" நான் பேசாமல் நின்றேன். மறுபடி கேட்டீர்கள். பிறகு பாடினீர்கள். ராகம் சரியில்லை அக்கா, மன்னிக்கவேண்டும். பாட்டு முடிந்து மூன்றாம் தரம் கேட்டபோது, என் வாய் தானாகவே "இருக்கேன்" என்று சொல்லிவிட்டது.

சொல்லிவிட்டேனே என்று இறங்கினேன். உங்களை டிஸ்பென்சரியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன்.

நீங்கள் நன்றி, நன்றி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். யார் யாரைத் தூக்கி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வாருங்கள்.

உங்கள் தங்கச்சி
வசந்தமலர்


கட்டுகஸ்தோட்டை
18.07.2024

என் தங்கச்சி வசந்தமலருக்கு,

கடிதம் இன்று பகல் கிடைத்தது. கந்தோரில் வைத்துப் படித்து, அங்கேயே அழுது, பாடசாலை அதிபரிடம் பல்வலி என்று சொன்னேன்.

ஞாயிறு காலை ஹட்டன் பஸ்ஸில் நானும் கைரியாவும் வருகிறோம். ஒன்றும் சமைக்கவேண்டாம். அவளுடைய சொந்தத்தில் ஒரு பெண் டொக்டர் இருக்கிறார், இப்படி மனம் பாரமானவர்களோடு பேசுவதுதான் அவர் வேலை. அவரிடம் நாள் கேட்டிருக்கிறேன். நீ கண்டிக்கு வந்தால் என் வீட்டில் தங்கலாம். முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் எவ்வளவு நேரம் விடாமல் கூப்பிடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

அன்று நீ "இருக்கேன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதைவிட நல்ல சொல்லை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

ஞாயிறு வரைக்கும் கவனமாக இரு. சந்திரகுமார் சேர் வீட்டு மிஸ்ஸைத் தினமும் ஒரு தரம் உன் வீட்டுக்குப் போய்வரச் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதே.

உன் அக்கா
டொரதி


ஸ்ட்ராத்வெல் தோட்டம்
03.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தயவிலும் சாமி தயவிலும் சுகமாக இருக்கிறேன். இப்படி எழுதும்போது பொய் எழுதுவதுபோல் இப்போது தோன்றவில்லை. உங்கள் கால் குளிருக்குக் குத்துகிறதா?

தீபாவளிக்குக் கைரியா டீச்சர் கொடுத்தனுப்பிய தொதல் பலகாரம் லயம் முழுக்கப் போனது. டொக்டர் அம்மா கொடுத்த குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன். நாலு தரம் கண்டிக்கு வந்துவிட்டேன். முதல் தரம் உங்கள் வீட்டு ஜன்னலில் நின்று மகாவலியைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தேன், ஞாபகமா? நீங்களும் பேசாமல் இருந்தீர்கள். நீங்கள் பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று பிறகுதான் விளங்கியது.

போன தரம் அவரும் கூட வந்தாரே, நான் கூப்பிடவில்லை. பஸ் ஏறும்போது பார்த்தால் பின்னால் நிற்கிறார். டொக்டர் அறை வாசலில் இரண்டு மணித்தியாலம் வாங்கிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பேச்சு மட்டும் இல்லை.

டிசம்பர் பௌர்ணமிப் போயாவோடு சிவனொளிபாத மலை திறக்கும். கல்யாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒன்பது வருஷம், ஒரு தரம்கூட மேலே ஏறியதில்லை. நீங்களும் பாதியில்தானே திரும்பினீர்கள்? ஏறுவோமா அக்கா? பகலில், மெதுவாக.

உங்கள்
வசந்தமலர்


கட்டுகஸ்தோட்டை
28.01.2025

என் தங்கச்சிக்கு,

நீயும் தம்பி யோகராஜும் சுகம்தானே? எனக்கு இடுப்புக்குக் கீழே உள்ள எல்லாம் வேறு யாருடையதோ போல இருக்கிறது. கந்தோரில் படியிறங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சனிக்கிழமையை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். விடிந்து வெளிச்சம் வந்தபிறகு ஏறியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! இருட்டில் ஏறி உதயத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அந்தக் காடு கிடைப்பதில்லை. பாசி போர்த்திய மரங்கள், உச்சிக்குக் கிட்டவாக அந்தச் சிவப்புப் பூக்கள், நம் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் போன வண்ணத்திப்பூச்சிகள். கைரியாவின் குடைப்பிடியில் உட்கார்ந்து வந்த தவளை என் நகத்தளவுதான் இருந்தது. உலகத்தில் இந்தக் காட்டைவிட்டால் அதற்கு வேறு வீடு இல்லை என்று அவள் வகுப்பெடுத்தாள். நீ அதை இலையில் ஏற்றி, மரத்தடியில் விட்டுவிட்டுத்தான் நகர்ந்தாய்.

உனக்குச் சிவனொளிபாதம், அவளுக்குப் பாவா ஆதம் மலை. எங்கள் பக்கத்தில் சிலர் தோமையாரின் பாதம் என்பார்கள். உச்சியில் இருக்கும் சுவடு யாருடைய பாதமோ, அங்கே நின்று நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சமில்லை. நன்றி மட்டும் சொன்னேன். அங்கே வழக்கப்படி, இதுவரை ஏறிய தரத்துக்கு ஒன்றாக மணி அடிக்கும்போது, நீ ஒன்று அடித்துவிட்டுக் கயிற்றை விடாமல் நின்றாய். பின்னால் வரிசையில் நின்ற சிங்கள அம்மா, "தவ எக்கக் கஹன்ன துவே" என்றார். இன்னொன்று அடி மகளே என்கிறார் என்று கைரியா சொன்னதும் அடித்தாய். அது கணக்கில் சேராது. இருந்தாலும் நன்றாகக் கேட்டது.

யோகராஜ் தம்பி ஏறி இறங்கும்வரை பேசியது இரண்டே சொல். "பாத்து", "மெதுவா". இரண்டும் உன்னைப் பார்த்துச் சொன்னவை.

உன் அக்கா
டொரதி


ஸ்ட்ராத்வெல் தோட்டம்
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். உங்கள் கால்வலி இதற்குள் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அன்று நடந்ததை உடனே எழுதவேண்டும் என்றுதான் இருந்தேன். கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உங்களை மலையடியில் உள்ள நல்லதண்ணி ஊரில் பஸ் ஏற்றிவிட்டு, காட்டோரமாகவே வீட்டுக்கு நடந்தோம். அந்தப் பள்ளத்துக்கு மேலே வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

"இங்கதான் அக்காவக் கண்டேன்" என்றேன்.

"தெரியும். லயத்துல சொன்னாங்க."

"நான் எதுக்கு இங்க வந்தேன்னு தெரியுமா?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னாலதானே?" என்றார்.

"நீங்க பேசவே இல்லையே. புள்ளைய விட்டுட்டுப் போனேன்னு என்மேல கோவம்."

"ஒன்மேலயா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் எப்படிப் பேசுவேன் வசந்தி? சும்மா காய்ச்சல்னு நெனச்சு மூணு நாளா பனடோல் குடுத்துக்கிட்டு இருந்தேன். நாலாம் நாளுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினேன். ஏன் பிந்திப் போனீங்கன்னு நீ கேப்ப. அதுக்குப் பயந்துதான் வாயத் தொறக்கல. வாயத் தொறந்தா அதுதான் வரும்."

அக்கா, ஒரே அறைக்குள் இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்கு மேலாக ஆளுக்கொரு குற்றத்தை மடியில் கட்டிக்கொண்டு, மற்றவர் அதைச் சொல்லிக்காட்டுவார் என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

"நான் அத கேக்கல. அவன் எப்படி இருந்தான்னு சொல்லுங்க. நாலு நாளையும் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அங்கேயே, புல்லில் உட்கார்ந்துகொண்டு. ஞாயிற்றுக்கிழமை கஞ்சியைத் துப்பிவிட்டானாம். திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக் கோழியை உள்ளே கொண்டுவரச் சொல்லி அழுதிருக்கிறான். அவரும் பிடித்துவந்து கட்டில் காலில் கட்டினாராம். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் சிரித்திருக்கிறான்.

அந்தக் குவைத் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் என் கையில் போனைக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வீடியோவில் அவனைப் பார்த்துப் பேசுவேன். புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போது, "அப்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டானாம். இவர், "ஆமாண்டா, வெள்ளிக்கிழமதான்" என்று சொல்லியிருக்கிறார்.

"அப்ப தலை சீவி விடுங்க. அம்மா பாப்பாங்க."

அவ்வளவு அவசரத்திலும் தண்ணீர் தொட்டுச் சீவி விட்டாராம். வகிடு இடப்பக்கம், நான் எடுப்பதுபோல.

என் பிள்ளை என்னை மறந்திருப்பான் என்று நினைத்துத்தான் அக்கா நான் அதிகம் செத்துப்போயிருந்தேன். இப்போது அந்த நாலு நாளும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் அன்று கூப்பிடாமல் இருந்திருந்தால் அவை எனக்குக் கிடைத்தே இருக்காது. நன்றி அக்கா.

நேற்று இரண்டு பேரும் அவன் இருக்கும் இடத்துக்குப் போனோம். மழைக்குப் புல் வளர்ந்துவிட்டது. பிடுங்கித் துப்புரவாக்கினோம். போகும்போதும் வரும்போதும் அவர் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். சொன்னதையே திரும்பச் சொன்னார். நான் நிறுத்தவில்லை.

கைரியா டீச்சருக்கு எங்கள் இரண்டு பேரின் அன்பையும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
வசந்தமலர்